ஒரு சாண் கடல்

முதல் நாள்: ஹட்டனிலிருந்து கல்லடிக்கு

“டீச்சர், நிலா ஒரு பக்கந்தானே நிக்குது? அப்ப கடல் ஏன் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறுது?”

கேட்டவன் ஒன்பதாம் ஆண்டுப் பையன், கடைசி வாங்குக்காரன். பாடப் புத்தகத்துப் படத்தை அப்படியே கரும்பலகையில் வரைந்து காட்டினேன். நடுவில் பூமி, ஒரு பக்கம் நிலா, பூமியைச் சுற்றி முட்டை வடிவத்தில் தண்ணீர். நிலாவைப் பார்த்த பக்கம் ஒரு வீக்கம், எதிர்ப்பக்கம் இன்னொரு வீக்கம். “அந்த எதிர்ப்பக்க வீக்கம் எதுக்கு டீச்சர்?” என்றான் மறுபடியும். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடிக்காமல் இருந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

நான் மலைநாட்டு ஹட்டன்காரி. கடல் என்றால் எனக்குக் கொழும்புக் காலிமுகத்திடல். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மணி நேரம், கையில் இறால் வடை. அந்த ஒரு மணி நேரத்தில் கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று யார் பார்த்தார்கள்? வற்றுப்பெருக்கு என்று பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். கண்ணால் ஒரு தடவை கண்டதில்லை. ஆகஸ்ட் விடுமுறை விட்டதும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்குப் போன் போட்டேன். “கல்லடிக்கு வா. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் போறம், நீயும் வரலாம்” என்றாள்.

பதுளை வரை ரயில். அங்கிருந்து பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று பஸ். மகா ஓயா தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கச்சான் காற்று அடித்தது. மலைநாட்டில் தென்மேற்குப் பருவத்தில் எங்களை நனைத்து எடுக்கும் அதே காற்றுத்தான், மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமெல்லாம் போய் அடுப்பு வாய்க் காற்றாகிவிடுகிறது. கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தேன். திரும்பி வரும்வரை அது வெளியே வரவில்லை.

சாயங்காலம் தோழி என்னைக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போனாள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் வாகனங்களுக்குப் புதிய பாலம். கீழே வாவி, அசையாத தண்ணீர். மட்டக்களப்பு என்றாலே மீன் பாடும் ஊர் என்பார்களே, அது இந்தப் பாலத்தடியில்தான். தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டுமாம். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் (தோழியின் அம்மா, எனக்கும் அம்மாதான்) சொன்னபோது சிரித்தார். “மீன் பாட்டுக் கேக்க வாறவங்க பறுவத்தில வருவாங்க. நீ கன்னங்கரிய இருட்டில வந்து நிக்கிறாய்.”

உண்மைதான், பறுவம் என்றால் முழுநிலா. இப்போது நிலாவே இல்லை. அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்.

இரண்டாம் நாள்: பாலமீன்மடு

விடிய நாலரைக்கே விழிப்புத் தட்டியது. கடற்கரை நடக்கும் தூரத்தில். கிழக்கே கடலுக்கு மேல் நகம் வெட்டிப் போட்டதுபோல் தேய்பிறை. என் பாடத்தில் வரும் ஆள் இவர்தான், சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி.

இன்றைய வேலை வேறு. அம்மாவின் தம்பி பாலமீன்மடுவில் இருக்கிறார், வாவியில் தொழில் செய்கிறவர். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அங்கேதான், பக்கத்திலேயே வெளிச்சவீடு. கல்லடியிலிருந்து பாலம் தாண்டி, பார் வீதியால் நேரே போனோம். நான் ஹட்டனிலிருந்தே ஒரு சாமான் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் எல்லோர் காலையும் இடித்த சாமான்.

நாலு அடி நீள பிவிசி குழாய். ஒன்றரை அங்குல விட்டம், அடிப்பக்கம் மூடி போட்டு ஒட்டியது. மூடிக்குக் கொஞ்சம் மேலே ஆணியைச் சுடவைத்துக் குத்திய ஒரே ஒரு சின்னத் துளை. குழாய்க்குள் மிதக்க ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டு, அதில் நட்டுக்குத்தாகச் செருகிய தென்னை ஈர்க்கு. ஈர்க்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக என் சிவப்பு நெயில் பொலிஷால் கோடுகள். குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் துளை வழியாக உள்ளே நீர் ஏறும், மிதவை எழும்பும், ஈர்க்கு குழாய் வாய்க்கு மேலே தலை நீட்டும். துளை சின்னதாக இருப்பதுதான் சூட்சுமம். படகு போனால் எழும்பும் சிற்றலை உள்ளே வருவதற்குள் அடங்கிவிடும். மணிக்கணக்கில் மெல்ல ஏறி இறங்குவது மட்டும்தான் ஈர்க்கை அசைக்கும். துறைமுகங்களில் வற்றுப்பெருக்கு அளக்க வெகுகாலம் இருந்த கருவியும் இதே கதைதான், கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

மாமா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்னகா, கிணத்துக்கு மோட்டர் பூட்டப் போறீங்களா?”

சொன்னேன். “கடல் எவ்வளவு ஏறுதெண்டு பாக்கவா? என்னட்டக் கேட்டாச் சொல்லுவனே. இஞ்ச ஒரு சாண். பெருசா ஏறினா சாணும் நாலு விரலும்.” தோணி கட்டும் கட்டையில் பெருவிரலையும் சின்னவிரலையும் விரித்து வைத்துக் காட்டினார். கட்டையில் பாசி பிடித்த பச்சைப் பட்டை அவர் சாணுக்குச் சரியாக இருந்தது.

எனக்குக் கொஞ்சம் சப்பென்று போனது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர், குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் என்று படித்துவிட்டு வந்திருக்கிறேன். இலங்கையைச் சுற்றி எங்கேயும் முக்கால் மீட்டரைத் தாண்டுவது அருமை என்பதும் படித்ததுதான். ஆனால் ஒரு சாண்! வாவியின் ஒடுங்கிய வாய் வேறு பாதியை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. கச்சான் காலத்தில் மணல் தள்ளி வாய் இன்னும் ஒடுங்கும் என்றார் மாமா. மாரியில் வெள்ளம் கட்டினால் வெட்டித் திறந்துவிடுவார்களாம்.

சரி, வந்தது வந்தாகிவிட்டது. குழாயைக் கட்டையோடு சேர்த்துக் கட்டினோம். உச்சம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உச்சத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் அசையாமல் சோம்பிக் கிடக்கும், அரை மணி நேரம் ஒரே கோட்டில் நிற்கும். அதனால் உச்சத்தையே பார்க்காமல், ஏறும்போது ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் நேரத்தையும், இறங்கும்போது அதே கோட்டைத் தாண்டும் நேரத்தையும் குறித்தேன். இரண்டுக்கும் நடு எதுவோ அதுதான் உச்சம். எட்டாம் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

காத்திருக்கும் நேரத்தில் மாமாவின் மகன் வலையைப் பிரித்துக்கொண்டே அந்தக் கடைசி வாங்குக் கேள்வியைக் கேட்டான். உலகத்தில் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் போலிருக்கிறது. இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது, பஸ்ஸில் ஏழு மணி நேரம் யோசித்த பதில்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்துக்காரிகள் மூன்று பேர் வரிசையாக மலையேறுகிறார்கள் என்று வையுங்கள். முன்னால் போகிறவள் வேகக்காரி, நடுவில் உள்ளவள் சாதாரணம், கடைசி ஆள் மெல்ல நடப்பவள். மூவரும் ஒரே திசையில்தான் போகிறார்கள். நடுவில் உள்ளவளுக்கு எப்படித் தெரியும்? முன்னவள் தன்னை விட்டு முன்னே போகிறாள், பின்னவள் தன்னை விட்டுப் பின்னே போகிறாள். இரண்டு பக்கமும் இடைவெளி விழுகிறது.

நிலா இழுப்பதும் இப்படித்தான். கிட்டே இருக்கிற தண்ணீரைக் கூடுதலாக இழுக்கிறது, பூமியின் நடுவை அதைவிடக் குறைவாக, மறுபக்கத் தண்ணீரை இன்னும் குறைவாக. இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பூமியில் நின்று பார்க்கிற நமக்கு இந்தப் பக்கமும் ஒரு மேடு, அந்தப் பக்கமும் ஒரு மேடு. பூமி சுழல்வதால் நம் ஊர் ஒரு சுற்றுக்குள் இரண்டு மேட்டையும் கடக்கிறது.

“அப்ப நிலா தண்ணியத் தூக்குதா?” என்றான்.

தூக்குவதற்கு அதற்கு வலு ஏது. பூமி நம்மைக் கீழே இழுக்கிற இழுப்பில் இந்த வித்தியாசம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன விசையால் நேராக மேலே தூக்கி ஒன்றும் ஆகாது. ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் தடுக்க ஆளில்லை. பரந்து கிடக்கும் சமுத்திரம் முழுவதிலும் தண்ணீர் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து போய் மேட்டில் குவிகிறது. தட்டில் வார்த்த சொதி, தட்டைக் கொஞ்சம் சரித்தால் ஒரு பக்கம் சேருவதுபோல.

சொதி என்றதும் சாப்பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. மாமி கொடுவா மீன் குழம்பும் பிட்டும் வைத்திருந்தார். பிறகு எருமைத் தயிர். அதைப் பற்றி எழுதினால் நாட்குறிப்பு அதோடு நின்றுவிடும்.

மூன்றாம் நாள்: மறுபடி பாலமீன்மடு, எதிரே நாவலடி

என் கணக்குப் பிழைத்துவிட்டது.

நிலா பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், நேற்றைய இடத்துக்கு நேராக அது வர 24 மணி 50 நிமிடம் ஆகும். அதனால் பெருக்கும் தினம் 50 நிமிடம் பிந்தும். இது நான் பத்து வருடமாகப் பரீட்சைத் தாளில் புள்ளி கொடுக்கிற விடை. இன்று எட்டாம் கோட்டில் நின்று கணக்குப் பார்த்தால் நேற்றைவிட 43 நிமிடம்தான் பிந்தியிருக்கிறது. ஏழு நிமிடம் எங்கே போனது?

குழாயைச் சந்தேகப்பட்டேன். துளையில் மண் அடைத்திருக்குமோ என்று ஈர்க்கால் குத்திப் பார்த்தேன். கைக்கடிகாரத்தையும் போனையும் ஒத்துப் பார்த்தேன். இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போலத் தன் தோணியைக் கொண்டுவந்து அதே கட்டையில் கட்டிவிட்டார். குழாய் சாய்ந்தது, வற்றின அளவு எனக்குக் கிடைக்கவில்லை. அவர் கட்டை, அவர் தோணி, நான் யார் கேட்க?

மத்தியானம் தோணியில் அக்கரைக்கு, நாவலடிக்குப் போனோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாக்குப்போல நீண்ட மணல். 2004 டிசம்பர் 26 இந்த ஊரைத் துடைத்து எடுத்தது. வெறும் அடித்தளங்கள் இன்னும் மணலில் தெரிகின்றன. ஒரு அடித்தளத்தில் சமையல்கட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை அப்படியே இருந்தது. அம்மி வைத்த இடம் மட்டும் நிறம் மங்கி, வட்டமாக.

“அண்டைக்குப் பறுவம்,” என்றார் மாமா. “ஞாயித்துக்கிழமை. பறுவத்தில கடல் பெருக்கும் எண்டு தெரியும். ஆனா இப்படிப் பெருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

வற்றுப்பெருக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் படிப்பிக்கிறவள். அந்த இடத்தில் வாய் வரவில்லை. தோணியில் திரும்பும்போதுதான், அதுவும் அவராகவே கேட்டபோது, சொன்னேன். அன்று சுமாத்திராவுக்கு மேற்கே கடலடித் தரை உடைந்து உயர்ந்தது, மேலே இருந்த மொத்தத் தண்ணீரையும் தள்ளிவிட்டது, அந்த அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிட்டது. பறுவம் அந்த நாளோடு சேர்ந்து விழுந்தது, அவ்வளவுதான். மாமா தலையாட்டினார். கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் மட்டும்.

பிறகு கேட்டார்: “ரெண்டு மணித்தியாலத்தில அவ்வளவு தூரமா?”

வேகத்தைக் கடலின் ஆழம் தீர்மானிக்கிறது. நாலு கிலோமீட்டர் ஆழத்தில் இப்படிப்பட்ட நீண்ட அலை மணிக்கு 700 கிலோமீட்டர் போகும், ஆகாயவிமானம் மாதிரி. இதைச் சொல்லும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. வற்றுப்பெருக்கும் ஒரு நீண்ட அலைதானே! அதற்கும் அதே வேகக் கட்டுப்பாடுதான். இந்தப் பக்கம் பூமி மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அப்படியானால் தண்ணீர் மேடு நிலாவுக்குக் கீழேயே நிற்க வேண்டுமென்றால் அதே வேகத்தில் மேற்கே ஓட வேண்டும். அதற்குக் கடல் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆழமாக இருக்க வேண்டும். இருப்பதோ சராசரி நாலுக்கும் குறைவு. நடுவில் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன.

ஆக, நான் கரும்பலகையில் வரைந்த முட்டை உலகத்தில் எங்கேயும் இல்லை. நியூட்டன் 1687இல் நிலாவின் இழுப்பைச் சொன்னார். தண்ணீர் அந்த இழுப்புக்கு எப்படி ஓடும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்குப் போட இன்னும் ஒரு நூற்றாண்டு போயிற்று. நிலா ஊஞ்சலை ஆட்டிவிடுகிறது, ஊஞ்சல் எவ்வளவு ஆடும் என்பது கயிற்றின் நீளத்தில் இருக்கிறது. ஃபண்டி வளைகுடாவின் நீளமும் ஆழமும் நிலாவின் ஆட்டத்துக்குச் சரியாக ஒத்துப்போகிறது, அதனால் 16 மீட்டர். வங்காள விரிகுடாவின் தலைமாட்டில், சுந்தரவனப் பக்கம், கடல் ஆழமில்லாமல் புனல்போல ஒடுங்குவதால் மீட்டர்க் கணக்கில் ஏறும். அதே விரிகுடாவின் கால்மாட்டில் மட்டக்களப்பு. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. குவிந்து ஏற மேடையும் இல்லை, ஒடுங்க இடமும் இல்லை. வந்த அலை ஒரு சாண் எழும்பிவிட்டுப் போய்விடுகிறது. நேற்று எனக்குச் சப்பென்று இருந்த அந்தச் சாண் இன்று அப்படி இல்லை. பெரிய கணக்குகள் கலக்காத, கிட்டத்தட்ட நிலாவின் சொந்தக் கையெழுத்து இது.

ராத்திரி முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது தோழியிடம் இன்னொன்று சொன்னேன். கடல் மட்டுமில்லை, தரையும் ஏறி இறங்குகிறது. பாறையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எங்கள் பக்கத்து அகலாங்கில் ஏறக்குறைய ஒரு அடி. எல்லாம் சேர்ந்து ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஹட்டனில் நான் படுத்திருந்த கட்டில் முப்பத்தைந்து வருடமாகத் தினம் இரண்டு தரம் ஏறி இறங்கியிருக்கிறது. நான் கடலைத் தேடிப் பஸ் ஏறி வந்திருக்கிறேன்!

“உனக்கு நித்திரை வரல்ல எண்டு விளங்குது,” என்றாள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் யாரோ செலவு கொடுக்க வேண்டுமே. பூமி கொடுக்கிறது. அதன் சுழற்சி மெல்ல மெல்லக் குறைகிறது, நாள் நூறு வருடத்துக்கு ஏறக்குறைய 2 மில்லி செக்கன் நீள்கிறது. அந்தச் சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. 1969இல் விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசர் அடித்து அளந்ததில் வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர். மாமா கணக்கில் இரண்டு விரல். இதைச் சொல்லி முடித்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

நாலாம் நாள்: தெற்கே

காலையில் கடைசி அளவு. 38 நிமிடம். இன்னும் குறைந்துவிட்டது! ஏற்றமோ சாணைத் தாண்டி மூன்று விரல். குழாயை மாமாவிடமே விட்டுவிட்டு, பன்னிரண்டாம் கோட்டைக் காட்டி, தண்ணீர் அதைத் தாண்டினால் சொல்லச் சொன்னேன்.

அக்கரைப்பற்று பஸ். ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் தென்னைக்குப் பின்னால் கடல். வாவியின் தென்கோடி இன்னொரு வாயால் கடலைத் தொடும் இடம் கல்லாறு. நான் ஜன்னலோரம் கேட்டு வாங்கியும் தூங்கி, கல்முனையில்தான் கண் விழித்தேன்.

பக்கத்து இருக்கையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். கல்முனையில் ஏறியவர், அட்டாளைச்சேனைக்குப் போகிறார். மடியில் ஒரு பை நிறைய நூல்கண்டு. முன்பு கரைவலைத் தொழில், இப்போது மகன் பார்க்கிறானாம்.

“எங்க மகள் போறீங்க, திருக்கோவிலுக்கா?” என்றார். “நாளைக்கு உங்களுக்கு அமாவாச. மறுநாள் அந்திக்கு, மஃரிபுக்கு, நாங்க பிறை பாக்கணும்.”

ஒரே நிலா. ஒருவருக்கு மறைகிற நாள் கணக்கு, ஒருவருக்குத் தெரிகிற நாள் கணக்கு. பேச்சு வளர்ந்தது. அமாவாசையில் கடல் கூடுதலாக ஏறுமே, கரைவலைக்கு வசதியா என்று என் அறிவைக் காட்டினேன். பெரியவர் தலையை ஆட்டினார்.

“அமாவாச அண்டைக்கு இல்ல மகள். ரெண்டாம் பிறை, மூணாம் பிறையிலதான் கூட ஏறும். எங்கட வாப்பா சொல்லித் தந்தது. நான் அம்பது வருசம் பாத்தது.”

பாடப் புத்தகத்தில் அமாவாசை, பறுவம் இரண்டு நாளும் உயர்வேற்றம் என்றுதான் இருக்கிறது. ஆனால் கடல் ஒரு கனமான ஊஞ்சல் என்று நேற்று நானே சொன்னேன். தள்ளு அதிகமாக இருக்கிற நேரமும் ஊஞ்சல் அதிகமாக ஆடுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கரைகளில் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும். இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரியவர் ஒரு நூல்கண்டு அவிழ்வதற்குள் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அட்டாளைச்சேனையில் இறங்கும்போது, “பிறை கண்டா எங்களையும் நினைங்க” என்றார்.

ராத்திரி தம்பிலுவிலில், தோழியின் சித்தி வீட்டில் தங்கல்.

ஐந்தாம் நாள்: திருக்கோவில், ஆடி அமாவாசை

சித்தி வீட்டில் நாலு மணிக்கே அடுப்பெரிந்தது. ஆடி அமாவாசை அப்பாவை இழந்தவர்களுக்கு, சித்திராப் பௌர்ணமி அம்மாவை இழந்தவர்களுக்கு. விரதச் சமையலில் காத்தோட்டிக்காய் கட்டாயம். அந்தக் கசப்பு இல்லாமல் படையல் இல்லை. எங்கள் பக்கம் இந்தக் காய் கிடையாது. சித்தி எனக்கென்று இரண்டு காய் தனியாக எடுத்து வைத்தார். என் அப்பா போய் ஆறு வருடம் என்று தோழி சொல்லியிருக்கிறாள்.

சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. கோயில் வாசலிலிருந்து கரைவரை தலைகள். ஈர வேட்டிகள், எள்ளும் பூவும் வைத்த வாழையிலைத் துண்டுகள், கச்சான் கடலை விற்கிறவர், பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒலிபெருக்கியில் பெயர் சொல்ல வைத்தவர். சுவாமி தீர்த்தமாடக் கடலுக்கு வந்தபோது அத்தனை பேரும் ஒரே அடியாகத் தண்ணீருக்குள் இறங்கினோம். இங்கே கரை சரிவு, அலை முதுகில் வந்து அறைந்தது. எள்ளை விட்ட கையை எடுப்பதற்குள் இன்னொரு அலை. வாய் நிறைய உப்பு.

நனைந்த சேலையோடு மணலில் உட்கார்ந்து தலை துவட்டும்போதுதான் அந்த 43உம் 38உம் விளங்கியது. ஏன் அப்போது என்று கேட்டால் தெரியாது. வானத்தில் நிலா இல்லை, வெயில் மட்டும் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாளும் சூரியனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை!

சூரியன் பூமியை இழுக்கிற இழுப்பு நிலாவினுடையதைப்போல ஏறக்குறைய 180 மடங்கு. ஆனால் வற்றுப்பெருக்குக்கு வேண்டியது இழுப்பு இல்லை, கிட்டப் பக்கத்துக்கும் எட்டப் பக்கத்துக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கடலை அசைப்பதில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. குறைவென்றாலும் உண்டு. அமாவாசையிலும் பறுவத்திலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று கூட்டுச் சேர்வதால் ஏற்றம் கூடுகிறது.

நேரத்திலும் அதே கூட்டுத்தான். நிலாவின் பெருக்கு தினம் 50 நிமிடம் பிந்தும். சூரியனின் பெருக்கோ பிந்தவே பிந்தாது, தினம் அதே நேரம். இரண்டும் சேர்ந்து வரும் நாட்களில் ஒன்று பின்னே இழுக்க, மற்றது பிடித்து நிறுத்த, உச்சம் நடுவில் எங்கேயோ விழுகிறது: 43, 38. அமாவாசை நெருங்க நெருங்கப் பிந்தல் குறைந்ததும் இதனால்தான். அட்டமிப் பக்கம் போனால் சூரியன் எதிராக நின்று இழுக்கும், அப்போது பிந்தல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். 50 என்பது மாதம் முழுவதுக்குமான சராசரி. நான் பரீட்சையில் புள்ளி கொடுத்ததெல்லாம் அந்தச் சராசரிக்கு. குழாய் சரியாகத்தான் சொன்னது.

தோழியிடம் உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் தன் அப்பாவுக்காக இலையை அலையில் விட்டுவிட்டு அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விரதம் முடித்துச் சாப்பிட மூன்று மணி. காத்தோட்டிக்காய் நான் நினைத்ததைவிடக் கசப்பு. இரண்டையும் சாப்பிட்டேன்.

ஏழாம் நாள்: மொனராகலையில், பஸ்ஸுக்குக் காத்திருந்து

நேற்றுப் பொத்துவில் கடற்கரையில் மாலை ஏழு மணிக்கு முன்னால், மேற்கே, தென்னை ஓலைக்கு மேல் ஒரு மயிரிழை நிலா. ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அட்டாளைச்சேனையில் பெரியவரும் பார்த்திருப்பார்.

இன்று காலை மாமாவிடமிருந்து போன். சத்தமாகப் பேசுகிறவர், ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“புள்ள, உங்கட குழாயில பன்னெண்டாங் கோடு தாண்டிப் போயிட்டு. அதுக்கு மேல கோடும் இல்ல, சும்மா ஈர்க்குத்தான் நிக்குது.”

“எவ்வளவு மாமா மேல?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கட்டைக்குக் கிட்டே போய்க் குனிகிறார் போலிருக்கிறது. யாரோ “விழப் போறீங்க” என்று கத்துவது கேட்டது.

“ரெண்டு விரல்,” என்றார்.